மின்சாரக் காரும் எல்லைக் கோடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவன் ஐரோப்பாவில் கார் வாங்குவதைப் பற்றி எழுதப் போகிறானாம்!" என்று விடுதியில் என் அறை நண்பன் கைகொட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும். நிலவுக்குப் போய் வந்த பிறகுதான் நிலவைப் பாடவேண்டும் என்று எந்தக் கவிஞனையும் நாம் கட்டாயப்படுத்தியதில்லை. எனக்குக் காரின் மீது ஆசை இல்லை. ஒரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் மலிவாக்கப்பட்ட ஒரு பொருள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும்போது, அந்தப் பணம் யாருடையதாகிறது என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. அரசு தரும் உதவித்தொகையில் படிக்கிறவன் நான். பொதுப்பணம் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்கிறதா என்பது எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

முதலில் களத்தைப் பார்ப்போம். 1993 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய நாடுகள் தமக்குள் ஒரே சந்தையாயின. இன்று அந்த ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டில் விளைந்த ஆப்பிளும், இன்னொரு நாட்டில் நெய்த சட்டையும் சுங்கவரி இல்லாமல் எல்லை தாண்டுகின்றன. கேட்பார் இல்லை, நிறுத்துவார் இல்லை. காரும் ஒரு சரக்குதானே, அதுவும் அப்படியே போகலாம் அல்லவா என்று கேட்டால், போகலாம்தான். ஆனால் ஒரு சிறு வேறுபாடு உண்டு. ஆப்பிளுக்கும் சட்டைக்கும் எண்பலகை கிடையாது. வீட்டுக்குள் நுழையும் பொருள்களில் காரை மட்டும் அரசு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பெயர் தெரிந்தவனிடம் வரி கேட்பது எளிது! ஆகவே சுங்கவரி ஒழிந்தாலும் பதிவு வரி ஒழியவில்லை. அதை எவ்வளவு வாங்குவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. டென்மார்க்கில் ஒரு காலத்தில் காரின் விலைக்கு மேல் 180 விழுக்காடு வரை பதிவு வரி போட்டார்கள். 2015-இன் இறுதியில்தான் அது 150 ஆகக் குறைந்தது.

இந்தப் பதிவு வரிக்கு ஒரு விந்தையான விளைவும் உண்டு. வரிக்கு முந்திய விலை டென்மார்க்கில்தான் குறைவு என்று ஐரோப்பிய ஆணையத்தின் விலை அறிக்கைகள் பல ஆண்டுகள் காட்டி வந்தன. அவ்வளவு வரியையும் கொடுத்தபின் வாங்குகிறவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஆகவே உற்பத்தியாளர்கள் அங்கே தங்கள் விலையை இறக்கி வைத்தார்கள். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே தொழிலாளியின் கையால் முடுக்கப்பட்ட திருகாணிகளோடு வெளிவந்த இரண்டு கார்களுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விலை! விலை இரண்டாக இருந்தால், குறைந்த விலை உள்ள ஊருக்கு மனிதன் நடந்தே போவான். இது பொருளியல் படிக்காதவனுக்கும் தெரிந்த பொருளியல்.

அப்படிப் போனவர்களைத் தடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். இத்தாலியில் விலை குறைவு என்று ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அங்கே போய்க் கார் வாங்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு விற்கக் கூடாது என்று இத்தாலிய விற்பனையாளர்களை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் நெருக்கியது. 1998-இல் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்துக்கு 10 கோடியே 20 லட்சம் எக்யூ அபராதம் விதித்தது. 2000-இல் நீதிமன்றம் அதை 9 கோடி யூரோவாகக் குறைத்தது. குற்றம் குற்றமே என்று சொல்லிவிட்டது. ஆக, விலை குறைந்த நாட்டுக்குப் போய் வாங்குவது ஐரோப்பியக் குடிமகனின் உரிமை. அது கள்ளத்தனம் அன்று. பின்னால் நான் சொல்லப்போவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை முன்னால் சொல்லி வைக்கிறேன்.

உரிமை உண்டு என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியில் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கும் ஒரு போலந்துக்காரரை எடுத்துக்கொள்வோம். பதிவுச் சான்றிதழ் அங்கே இரண்டு பாகங்களாக இருக்கும். இரண்டும் கைக்கு வரவேண்டும். அதற்குமேல் 'இணக்கச் சான்றிதழ்' என்று ஒரு தாள். இந்த வகைக் கார் ஐரோப்பா முழுமைக்குமான தரவிதிகளின்படி ஒப்புதல் பெற்றது என்று தயாரித்த நிறுவனமே தரும் சாட்சி அது. அது இருந்தால் எந்த நாட்டிலும் மறுபடி முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு ஏற்றுமதிக்கென்று ஒரு தற்காலிக எண்பலகை. அதன் ஓரத்தில் சிவப்புப் பட்டையில் கெடுநாள் பொறித்திருக்கும். அதற்குக் காப்புறுதி தனி. இவ்வளவையும் முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தால் சோதனை, பதிவு, வரி. கார் ஓட்டக் கற்பதைவிடக் கார் கொண்டுவரக் கற்பது கடினம் போலிருக்கிறது!

வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மதிப்புக் கூட்டு வரியை எந்த நாட்டுக்குக் கட்டுவது? பழைய கார் என்றால் வாங்கிய நாட்டோடு கணக்கு முடிந்தது. புதிய கார் என்றால் கொண்டுபோகும் நாட்டில் கட்டவேண்டும். சரி, எது புதிது? முதன்முதல் ஓட்டத்துக்கு வந்து ஆறு மாதம் தாண்டாதது புதிது. 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாததும் புதிது. இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். ஆகவே ஓர் ஆண்டுக்கு முன் வாங்கி, கொட்டகையில் நிறுத்தி, 5,500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிய கார் சட்டத்தின் கண்ணில் புத்தம் புதியது! விற்கிறவர் "பழசுதான் சார்" என்பார், வாங்கியவரும் நம்புவார், ஊருக்குப் போனதும் வரி அலுவலகம் "புதுசு" என்று சொல்லும். வரியில்லாமல் 30,000 யூரோ மதிப்புள்ள கார் என்றால் ஜெர்மனியின் 19 விழுக்காட்டில் வரி 5,700 யூரோ. ஹங்கேரியின் 27 விழுக்காட்டில் 8,100 யூரோ. ஓடோமீட்டரில் ஒரு 500 கிலோமீட்டர் குறைந்ததற்காகப் படும் பாடு இது.

நிற்க. இனி என் கேள்விக்கு வருகிறேன்.

மின்சாரக் கார் வாங்குவோருக்கு ஜெர்மனி 2016 முதல் மானியம் கொடுத்தது. 2020-இல் அரசின் பங்கை இரட்டிப்பாக்கியதும், அரசு 6,000 யூரோ, தயாரிப்பாளர் 3,000 யூரோ என்று ஒரு காருக்கு 9,000 யூரோ வரை கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. ஆறு மாதம் அந்தக் காரை ஜெர்மனியில் பதிவில் வைத்திருக்க வேண்டும்.

ஆறு மாதம்! மேலே சொன்ன வரிச் சட்டத்திலும் அதே ஆறு மாதம். இந்த இரண்டு ஆறு மாதங்களையும் வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதினார்கள். ஆனால் சந்தை இரண்டையும் ஒன்றாகப் படித்தது. மானியத்தோடு வாங்கு, ஆறு மாதம் கழியட்டும், 6,000 கிலோமீட்டரைத் தாண்டட்டும். மானியத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. கார் 'பழையது' ஆகிவிட்டதால் போகிற நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. டென்மார்க்கிலோ அப்போது மின்சாரக் காருக்குப் பதிவு வரியில் பெரும் சலுகை. பிறகென்ன? கார்கள் வடக்கு நோக்கிப் புறப்பட்டன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.) ஜெர்மனியில் வரியோடு 40,000 யூரோ விலையுள்ள கார். மானியம் போக வாங்கியவருக்கு அடக்கம் 31,000. அதே காரை டென்மார்க்கில் புதிதாக வாங்கினால் 25 விழுக்காடு வரியோடு 42,000 யூரோவை ஒட்டி வரும். ஆறு மாதம் ஓட்டியவர் அதை 34,000-க்கு விற்கிறார். விற்றவருக்கு ஆறு மாதம் சும்மா ஓட்டியதோடு 3,000 யூரோ லாபம். வாங்கியவருக்கு 8,000 யூரோ மிச்சம். இருவருக்கும் மகிழ்ச்சி. இழந்தவர் யார்? இந்த இருவரையும் அறியாத, கார் வாங்க வசதியில்லாத, ஆனால் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டுகிற ஒரு ஜெர்மானியத் தொழிலாளி.

இங்கே என்னோடு வாதாடக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். "கரியமில வாயுவுக்கு எல்லைக் கோடு தெரியுமா? ஹாம்பர்க்கில் ஓடினால் என்ன, கோபன்ஹேகனில் ஓடினால் என்ன, காற்று ஒன்றுதானே?" என்று வேதியியல் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, பாதி நியாயமும் கூட. ஆனால் கார் போன இடத்தைப் பாருங்கள். டென்மார்க்கும் நார்வேயும் ஏழை நாடுகள் அல்ல. நார்வேயில் 2001 முதலே மின்சாரக் காருக்கு மதிப்புக் கூட்டு வரி விலக்கு உண்டு. 2023-இல்தான் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு வரி வந்தது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்சாரக் கார்கள். ஏற்கனவே நிரம்பி வழிகிற குளத்துக்கு அடுத்த ஊர் வாய்க்காலை வெட்டிவிட்டது போலத்தான் இது. ஜெர்மனியின் மானியம் ஜெர்மனியின் பழைய கார் ஒன்றைச் சாலையிலிருந்து நீக்கவேண்டும் என்று கொடுக்கப்பட்டது. கார் போய்விட்டால் அந்தப் பழைய கார் அங்கேயே புகைந்துகொண்டிருக்கும்.

ஜெர்மனி விழித்துக்கொண்டது, ஆனால் தாமதமாக. 2023 தொடக்கத்தில் ஆறு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 15-இல் அரசியல் சட்ட நீதிமன்றம், பருவநிலை நிதிக்கு மாற்றப்பட்ட 6,000 கோடி யூரோ செல்லாது என்று தீர்ப்பளித்தது. பணம் இல்லை. டிசம்பர் 16-இல் அறிவிப்பு. 17-ஆம் நாளோடு விண்ணப்பம் மூடல். கார் பதிவு செய்து காத்திருந்தவர்கள் ஒரே இரவில் கைவிடப்பட்டார்கள். அதற்கு முன் வடக்கே போன கார்களோடு போன மானியத்தில் ஒரு பகுதி கையிலிருந்திருந்தால், வரிசையில் கடைசியாக நின்ற சிலருக்காவது கிடைத்திருக்கும்.

மாதத்தைக் கூட்டுவது சரியான மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் என்றால் ஏழாம் மாதம் விற்பான். பன்னிரண்டு என்றால் பதின்மூன்றாம் மாதம் விற்பான். சுவரை உயர்த்தினால் ஏணியும் உயரும். காரைப் போகவிடாமல் தடுப்பதும் கூடாது, அது அந்த ஒரே சந்தையின் அடிப்படையையே உடைப்பதாகும். பின் என்னதான் செய்வது? விடை ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

2008-இல் ருமேனியர் ஒருவர் ஜெர்மனியில் பழைய கார் ஒன்று வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். பதிவு செய்யப் போனபோது 'மாசு வரி' என்று ஒரு தொகையைக் கேட்டார்கள். உள்நாட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த அதே வயது, அதே நிலையிலுள்ள பழைய கார் கைமாறினால் அந்த வரி இல்லை! மனிதர் வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரல் 7-இல் ஐரோப்பிய நீதிமன்றம், வெளியிலிருந்து வரும் பழைய காரை மட்டும் வாங்கவிடாமல் செய்யும் வரி கூடாது என்று தீர்த்தது. இதற்கு முன்னும் இதே வரிசையில் பல தீர்ப்புகள் உண்டு. அவற்றின் சாரம் இது: ஒரு கார் புதிதாயிருந்தபோது கட்டிய பதிவு வரி அதன் விலையோடு கலந்து கிடக்கிறது. காரின் மதிப்பு தேயத் தேய அந்த வரியும் தேய்கிறது. வெளிநாட்டுப் பழைய காரிடம் அந்தத் தேய்ந்த மிச்சத்துக்கு மேல் கேட்கக்கூடாது. டென்மார்க்கும் நெதர்லாந்தும் இதன் மறுபக்கத்தையும் செய்கின்றன. கார் நாட்டைவிட்டு வெளியேறினால் பதிவு வரியின் மிச்சத்தை உரியவருக்குத் திருப்பித் தந்துவிடுகின்றன.

வரி காரோடு சேர்ந்து தேயும் என்றால், மானியமும் தேயும்தானே! 6,000 யூரோவை எட்டு ஆண்டுக்குப் பரப்புங்கள். ஆண்டுக்கு 750 யூரோ. ஓராண்டில் காரை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் 5,250-ஐத் திருப்பிக் கட்டிவிட்டு அனுப்பட்டும். ஐந்தாண்டு ஓட்டிவிட்டு அனுப்புகிறவர் 2,250 கட்டினால் போதும். உள்நாட்டிலேயே விற்றால் ஒன்றும் கேட்க வேண்டாம். இதை ஏற்றுமதி வரி என்று யாராவது வழக்காடலாம். ஐரோப்பாவுக்குள் ஏற்றுமதி வரி கூடாது என்பது உண்மையே. ஆனால் இது காரின்மேல் விழும் வரி அன்று, மானியம் வாங்கியவரோடு அரசு செய்துகொள்ளும் உடன்படிக்கை. ஆறு மாத நிபந்தனையும் அப்படிப்பட்ட உடன்படிக்கைதானே? முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்றிருந்ததைப் படிப்படியாக்குவது மட்டுமே என் யோசனை. சட்டம் படித்தவர்கள் இதில் குறை கண்டால் திருத்திக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு பேராசையும் உண்டு. ஒன்றிரண்டு ஆண்டிலேயே வடக்கே ஓடிப்போகும் கார், ஐந்தாறு ஆண்டு ஜெர்மனியில் உழைத்து விலை தேய்ந்தபின் கிழக்கே போகட்டும். இப்போது கிழக்கே போவது என்ன? 2018 பிப்ரவரி 27-இல் ஜெர்மன் நகரங்கள் பழைய டீசல் கார்களைத் தடை செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு மே 31-இல் ஹாம்பர்க் இரண்டு தெருக்களில் தடையும் போட்டது. அங்கே மதிப்பிழந்த டீசல் கார்கள் எங்கே போகும்? போலந்து, ருமேனியா, பல்கேரியா என்று விலை குறைந்ததை வாங்க ஆளுள்ள நாடுகளுக்குப் போகும். புகையைக் கிழக்குக்கும் மின்சாரத்தை வடக்குக்கும் பிரித்துக் கொடுத்த இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பணம் இருக்கும் திசையில் நல்ல பொருளும் இல்லாத திசையில் கழித்த பொருளும் தாமாகவே உருண்டு போய்விடுகின்றன. பழைய மின்சாரக் கார் ஏழை நாட்டுக்கு ஆகாது என்று சொல்வார்க்கு உக்ரைன் விடை சொல்லும். அந்நாடு பல ஆண்டுகள் மின்சாரக் காருக்குச் சுங்கவரியையும் மதிப்புக் கூட்டு வரியையும் விலக்கி வைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பழைய நிஸ்ஸான் லீஃப் கார்கள் அந்நாட்டுத் தெருக்களை நிறைத்தன. அவற்றின் செருகி ஐரோப்பியச் செருகியோடு பொருந்தாது. இருந்தாலும் இணைப்பிகளைத் தேடிப் பிடித்து மக்கள் ஓட்டினார்கள்.

இயற்பியல் மாணவன் பேட்டரியைத் தொடாமல் போனால் எங்கள் துறையில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பெட்ரோல் காரில் பழசு என்பது எஞ்சின் சத்தத்தில் தெரியும், புகையில் தெரியும். லித்தியம் அயனிப் பேட்டரி சத்தம் போடாமல் கிழமாகும். முழுவதும் ஏற்றி வைத்தால் முகப்பில் 100 விழுக்காடு என்றுதான் காட்டும். எதில் 100 என்பதை அது சொல்லாது. 60 கிலோவாட்-மணி கொள்ளளவு 80 விழுக்காடாகத் தேய்ந்தால் 48 கிலோவாட்-மணி. நூறு கிலோமீட்டருக்கு 18 கிலோவாட்-மணி செலவாகும் கார் முன்பு 333 கிலோமீட்டர் போனது, இப்போது 267 தான் போகும். குளிர்நாட்டு மார்கழியில் அதுவும் குறையும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து ஓர் அரைநாளில் காரைப் பார்த்து வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? எல்லை தாண்டும் பழைய கார்களில் ஓடோமீட்டரைத் திருப்பிவைப்பது ஐரோப்பாவில் நெடுநாளைய வியாதி. பெல்ஜியம் 2006 முதல் கார்-பாஸ் என்ற சான்றிதழைக் கட்டாயமாக்கி, ஓடிய தூரத்தை வரலாற்றோடு எழுதிக் காட்டச் செய்தது. பேட்டரிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பேன்.

அது வரத்தான் போகிறது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் மின்சாரக் கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு இருக்கும். 'யூரோ 7' விதிகளும் ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை 80 விழுக்காடும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 72 விழுக்காடும் கொள்ளளவு நிற்கவேண்டும் என்கின்றன. மனிதர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று எல்லைக் கதவுகளைக் கழற்றிய கண்டம், பேட்டரிக்குக் கடவுச்சீட்டு எழுதப் போகிறது! வரவேற்கிறேன். ஆனால் அது புதிய பேட்டரிகளுக்கு மட்டுமே. 2020-லும் 2021-லும் மானியத்தோடு விற்றுப்போன லட்சக்கணக்கான கார்களுக்கு அந்தச் சீட்டு இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் ருமேனியாவிலோ பல்கேரியாவிலோ ஒரு பள்ளி ஆசிரியர் தம் சேமிப்பைக் கொண்டு வாங்கப் போவது அந்தக் கார்களில் ஒன்றாகத்தான் இருக்கும். வாங்குமுன் அதன் பேட்டரியை ஒரு பொதுச் சோதனைச் சாலையில் அளந்து தாள் கொடுக்க என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்கவேண்டும். திரும்பி வரும் அந்த 5,250 யூரோவிலிருந்து அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.